வன்னியில் மது பரிமாறப் புதிதாக வருகிறவருக்கு: முதல் மாதத்தில் பழக வேண்டியவை

ஏ-9 வீதியோரத்துப் பாராக இருக்கலாம், கிராமத்தில் கள்ளு விற்கிற தவறணையாக இருக்கலாம், குடிவகை பரிமாற அனுமதி எடுத்த ரெஸ்டோரன்டாக இருக்கலாம். புதிதாக வேலைக்கு வருகிற பொடியனுக்கு முதல் நாள் காட்டுவது கிளாஸ் கழுவுகிற இடத்தையும் பில் போடுகிற விதத்தையும்தான். யாருக்குக் கொடுக்கக் கூடாது, எப்போது நிறுத்த வேண்டும், நிறுத்தினால் ஆள் எப்படி வீடு போய்ச் சேருவார் என்பதெல்லாம் ஒரு சண்டையோ விபத்தோ நடந்த பிறகுதான் பேச்சுக்கு வரும். அதை முதல் நாளே தெரிந்து வைத்திருக்க வேண்டும். வெறி ஏறினவரிடம் "இல்லை" என்று சொல்வது எவருக்கும் கஷ்டம். முதல் போத்தலிலிருந்தே எண்ணிக்கொண்டு வருகிறவருக்கு அந்தக் கஷ்டம் பாதியாகக் குறையும்.

முதலில் அனுமதிப்பத்திரத்தை வாசியுங்கள்

இலங்கையில் இந்த வேலைக்கு இரண்டு சட்டங்கள் முக்கியம். ஒன்று 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம், விற்கிற இடம், நேரம் எல்லாம் அதன் கீழ் வரும், மதுவரித் திணைக்களம் அதைப் பார்க்கிறது. மற்றது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம். 21 வயது என்கிற எல்லையும் விளம்பரத் தடையும் அதில் இருக்கின்றன.

சட்டப் புத்தகம் தேட வேண்டியதில்லை. காசாளர் மேசைக்குப் பின்னால் தொங்குகிற அனுமதிப்பத்திரத்தை ஒருமுறை முழுதாக வாசித்து நான்கு விஷயத்தைக் கொப்பியில் எழுதுங்கள்: அங்கேயே குடிக்க அனுமதியா, எடுத்துச் செல்ல மட்டுமா, எந்த எந்தக் குடிவகை, திறக்கிற நேரமும் மூடுகிற நேரமும், எந்தக் கட்டடம், எந்தப் பகுதிக்குள். பக்கத்துக் கடை எத்தனை மணிக்குப் பூட்டுகிறது என்பது உங்களுக்கு அளவுகோல் இல்லை, அவர்களுடைய அனுமதி வேறு வகையாக இருக்கலாம். எடுத்துச் செல்ல மட்டும் அனுமதி உள்ள கடையில் ஆட்கள் மதிலோடு குந்தியிருந்து குடிப்பதை ஊரே வழமையாக எடுத்துக்கொண்டிருக்கும். சோதனை வருகிற அன்று அது வழமை என்று சொல்லித் தப்ப முடியாது. பிளாஸ்டிக் கப் கொடுத்தவர் யார் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பெண்களுக்கு விற்பது பற்றிய கட்டுப்பாடு நெடுங்காலமாக வாதத்தில் இருக்கிறது. 2018 ஜனவரியில் அதை நீக்கி, சில நாட்களுக்குள்ளேயே அந்த நீக்கத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஆகவே கேள்விப்பட்டதை வைத்து நடக்காமல், உங்கள் இடத்து நிபந்தனையை முகாமையாளரிடம் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

போயா தினங்களில் விற்பனை இல்லை. ஒக்டோபர் 3ஆம் திகதியும், திணைக்களம் அறிவிக்கிற மற்ற நாட்களும் அப்படியே. வருடத் தொடக்கத்தில் கலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிடுங்கள். போயாவுக்கு முதல் நாள் பின்னேரம் ஆட்கள் இரண்டு நாளுக்குச் சேர்த்துக் குடிக்கப் பார்ப்பார்கள். அன்றைக்கு எண்ணிக்கை இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

"இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்று முகநூலில் படம் போடுவதும் விளம்பரம்தான். முதலாளி சொன்னாலும் உங்கள் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். போத்தலில் மதுவரி ஸ்டிக்கர் இருக்கிறதா, கிழிந்து ஒட்டியதா என்று பெட்டி பிரிக்கும்போதே பாருங்கள். ஸ்டிக்கர் இல்லாத போத்தல் எவ்வளவு மலிவாக வந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. கள்ளத்தனமாக வடித்த சாராயமான கசிப்பைப் பழைய போத்தலில் ஊற்றி மூடியை அழுத்தி விற்கிற வேலை நடக்கிறது.

வயது: அடையாள அட்டை இலக்கத்தை வாசிக்கப் பழகுதல்

முகத்தைப் பார்த்து வயது சொல்ல எவராலும் முடியாது. வயலிலும் கடலிலும் நின்று கறுத்த 18 வயதுப் பொடியன் 25 போல இருப்பான். முப்பதுக்குக் குறைவாகத் தெரிகிற எல்லோரிடமும் அட்டை கேளுங்கள். எல்லோரிடமும் கேட்டால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள், ஆள் பார்த்துக் கேட்டால்தான் கோபம் வரும்.

2016 தொடக்கம் புதிதாக வழங்கப்படுகிற தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் 12 எண்கள் இருக்கும். முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த எண்ணோடு 500 கூட்டியிருப்பார்கள். பெப்ரவரி மாதத்தை எப்போதும் 29 நாளாகவே எண்ணுவார்கள், ஆகவே மாத முடிவுகள் எல்லா வருடத்துக்கும் ஒன்றுதான்: ஜனவரி 31, பெப்ரவரி 60, மார்ச் 91, ஏப்ரல் 121, மே 152, ஜூன் 182, ஜூலை 213, ஓகஸ்ட் 244, செப்டெம்பர் 274, ஒக்டோபர் 305, நவம்பர் 335, டிசெம்பர் 366. இதை ஒரு மட்டையில் எழுதிக் காசாளர் மேசையில் ஒட்டுங்கள்.

இலக்கம் 2005214 என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடம் 2005. ஜூலை முடிவு 213, ஆகவே 214 என்பது ஓகஸ்ட் 1. அவருக்கு 21 முடிவது 2026 ஓகஸ்ட் 1. அதற்கு முதல் நாள் வந்து "நாளைக்குத்தானே அண்ணை" என்று சிரித்தாலும் நாளைக்குத்தான் வர வேண்டும். அட்டையில் அச்சடித்த பிறந்த திகதியும் இலக்கமும் பொருந்தாவிட்டால் கொடுக்க வேண்டாம்.

ஒன்பது எண்ணும் ஒரு எழுத்தும் உள்ள பழைய இலக்கத்தோடு மீசை முளைக்காத ஒருவர் வந்தால் உடனே படத்தைப் பாருங்கள். பழைய இலக்கம் எடுத்தவர்கள் இன்று 21ஐ எப்போதோ தாண்டியவர்கள். வந்தவர் அண்ணனின் அட்டையைக் கொண்டு வந்திருப்பார். ஆண் ஒருவர் நீட்டுகிற அட்டையில் நாள் எண் 500க்கு மேலே இருந்தால் அது அவருடைய அட்டையே இல்லை. சாரதி அனுமதிப்பத்திரத்தை 18 வயதிலேயே எடுக்கலாம், ஆகவே "லைசன் இருக்கு" என்பது பதில் இல்லை. அதிலுள்ள பிறந்த திகதியைப் பாருங்கள். தொலைபேசியில் காட்டுகிற அட்டைப் படத்தை ஏற்க வேண்டாம், அதில் ஓர் எண்ணை மாற்ற இரண்டு நிமிடம் போதும்.

கிராமங்களில் அடிக்கடி நடப்பது வேறு. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையில் காசோடு வந்து, "அப்பா வாங்கிக்கொண்டு வரச் சொன்னவர்" என்று நிற்கும். தகப்பனுக்குத்தான் என்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்தாலும் கொடுக்கக் கூடாது. பிள்ளையைப் பேசாமல், "அப்பாவை வரச் சொல்லு அப்பன்" என்று காசோடு திருப்பி அனுப்புங்கள். வெளியே மூன்று பொடியள் மோட்டார் சைக்கிளில் காத்திருக்க, ஒரு பெரியவர் மட்டும் உள்ளே வந்து நாலு பியர் கேட்டால் அதுவும் அதே விற்பனைதான்.

அளவு: எண்ணத் தெரியாமல் இந்த வேலை இல்லை

ஒரு குடிவகையில் எத்தனை கிராம் மதுசாரம் என்று பார்க்க, மில்லிலீற்றரை வீதத்தால் பெருக்கி, 100ஆல் பிரித்து, 0.79ஆல் பெருக்குங்கள். 10 கிராமை ஓர் அலகு என்று வைத்துக்கொள்ளலாம்.

33.5 வீதச் சாராயம் 50 மி.லீ. ஷொட் ஒன்றில் ஏறத்தாழ 13 கிராம். 180 மி.லீ. கால் போத்தலில் 48 கிராம், கிட்டத்தட்ட 5 அலகு. 375 மி.லீ. அரைப் போத்தல் 10 அலகு. 4.8 வீதப் பியர் 625 மி.லீ. பெரிய போத்தலில் 24 கிராம். 8.8 வீத ஸ்ட்ரோங் பியர் 500 மி.லீ. கானில் 35 கிராம். கடைசி எண்ணைத் திரும்பப் பாருங்கள்: ஒரு ஸ்ட்ரோங் கான் இரண்டரை ஷொட்டுக்குச் சமம். "பியர்தானே" என்று நாலு கான் கேட்கிறவர் கிட்டத்தட்ட மூன்று கால் போத்தல் சாராயத்துக்குச் சமமாகக் குடிப்பது இதனால்தான் அவருக்கே தெரிவதில்லை, பரிமாறுகிறவருக்கும் தெரிவதில்லை.

உடம்பு ஓர் அலகைக் கழிக்க ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் எடுக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். கோப்பி, குளிப்பு, தேசிக்காய்த் தண்ணி எதுவும் அதை விரைவாக்காது. ஏழிலிருந்து எட்டுக்குள் நாலு ஷொட் போட்டவருக்கு நடுச்சாமம் தாண்டியும் இரத்தத்தில் இருக்கும். குடித்தது முழுதாக ஏற அரை மணி முதல் ஒரு மணி வரை செல்லும். கடைசிப் போத்தலை அவசரமாக முடித்துவிட்டு எழும்புகிறவர் கதவடியில் நிதானமாகத்தான் நடப்பார். வெறி அவரைப் பிடிப்பது பாதி வழியில், மோட்டார் சைக்கிளில்.

கள்ளுக்கு இந்தக் கணக்கு நேராகப் பொருந்தாது. முட்டி இறக்கிய நேரத்திலேயே புளிப்பு தொடங்கிவிடும், போகப் போக ஏறும். காலையில் பன்னாடையால் வடித்து வைத்த இனிப்புக் கள்ளும் அதே முட்டியில் பின்னேரம் மிச்சமிருக்கிற கள்ளும் ஒன்றல்ல. நன்றாகப் புளித்த கள்ளு 4 முதல் 6 வீதம் வரை வரும். 5 வீதம் என்று எடுத்தால் 750 மி.லீ. போத்தல் ஒன்றில் 3 அலகு. ஆகவே காலையில் இரண்டு போத்தல் தாங்குகிற ஆள் மாலையில் அதே இரண்டு போத்தலில் சரிந்துவிடுவார். பனையோலையைக் கோலிச் செய்த பிளாவில் ஊற்றிக் கொடுக்கிற இடமானால், கோலினவரின் கையைப் பொறுத்துப் பிளா சிறிதும் பெரிதுமாக இருக்கும். ஒரு பிளாவைத் தண்ணீரால் நிரப்பி அளவுக் கோப்பையில் ஊற்றிப் பார்த்து, எத்தனை பிளா ஒரு போத்தல் என்று தெரிந்துகொள்ளுங்கள். கள்ளுப் போத்தலை இறுக்கி மூட வேண்டாம், உள்ளே வாயு கூடி வெடிக்கும். சீனியும் ஈஸ்ட்டும் கரைத்தது, வெறி கூட மாத்திரை போட்டது என்று சந்தேகமான கள்ளை யார் கொண்டு வந்தாலும் இறக்க வேண்டாம். எத்தனை பிளாவில் யார் எப்படி ஆவார் என்று கணக்குப் பார்க்கவே அதில் வழியில்லை.

எண்ணுவது மேசைக்கு அல்ல, ஆளுக்கு. நாலு பேர் இரண்டு அரைப் போத்தல் எடுத்தால் ஆளுக்கு ஐந்து அலகு என்று தாளில் நன்றாக இருக்கும். உண்மையில் ஒருவர் தொட்டிருக்க மாட்டார், இன்னொருவர் பாதியை முடித்திருப்பார். பில் துண்டின் பின்பக்கத்தில் கதிரை வரிசைப்படி கோடு போட்டு, ஒவ்வொரு கிளாஸுக்கும் நேரத்தை எழுதுங்கள். கண்ணளவில் ஊற்ற வேண்டாம், அளவுக் கிண்ணத்தால் ஊற்றுங்கள். தெரிந்தவருக்குக் கைநிறைய ஊற்றுவது அன்பு என்று இங்கே நினைப்பு இருக்கிறது. அவருக்கு எத்தனை உள்ளே போனது என்று அதற்குப் பிறகு உங்களுக்கும் தெரியாது.

சாப்பாடு முன்னாலேயே போக வேண்டும். உப்புக் கடலை தாகத்தைக் கூட்டும். முட்டை, மீன் பொரியல், கோழி டெவில், சோறு மாதிரி வயிற்றில் நிற்கிற சாப்பாடுதான் ஏற்றத்தைத் தாமதப்படுத்தும். மேசையில் தண்ணீர்ப் போத்தல் எப்போதும் இருக்கட்டும், கேட்டுத் தருவதாக இருக்க வேண்டாம். காலபோக வெட்டு முடிந்து நெல் விற்ற காசு கையில் இருக்கிற மாசி, பங்குனி நாட்களில் ஒருவர் முழு மேசைக்கும் திரும்பத் திரும்ப வாங்கிக் கொடுப்பார். அப்போது வேண்டாம் என்று சொல்ல முடியாமல் குடிக்கிறவரைத்தான் கவனிக்க வேண்டும். அவர் கிளாஸ் பாதி இருக்கும்போது நீங்களாகப் போய் நிரப்ப வேண்டாம். கடன் கொப்பி வைத்துக் கொடுக்காதீர்கள்: கையில் காசு இருக்கிற அளவோடு நிற்க வேண்டியவர் கொப்பியால் நிற்காமல் போவார்.

வெறியைப் பார்த்து அறிதல், அதிலுள்ள பிழைகள்

ஆரம்ப அறிகுறி நடையில் வராது. குரல் உயரும், சொன்னதையே சொல்வார், முதல் கிளாஸை இருபது நிமிடம் குடித்தவர் மூன்றாவதை ஐந்து நிமிடத்தில் முடிப்பார், காசை எண்ணும்போது விரல் தடுமாறும், பக்கத்து மேசைக் கதைக்குள் நுழைவார். நிறுத்துகிற நேரம் இதுதான். கால் தள்ளாடுகிற நேரம் பிந்திய நேரம்.

வன்னியில் ஒரு விஷயத்தை யாரும் சொல்லித் தராமல் போகக் கூடாது. செயற்கைக் காலோடு நடக்கிறவர்கள், உடம்பில் இன்னும் எறிகணைத் துண்டு இருக்கிறவர்கள், 2009 போரில் வெடிச்சத்தத்தால் காது மந்தமானவர்கள் இங்கே ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். சாய்ந்த நடை, உரத்த பேச்சு, கேட்டதற்குப் பிந்திப் பதில் எல்லாம் அவர்களுக்குச் சாதாரண நாளிலும் இருக்கும். உள்ளே வரும்போது ஒருவர் எப்படி நடந்தார், எப்படிப் பேசினார் என்று கவனித்து வையுங்கள். அதிலிருந்து என்ன மாறியது என்பதே கேள்வி. தெரியாமல் போரில் இறந்த ஒரு மாவீரனின் தகப்பனையோ காலிழந்த ஒருவரையோ "வெறி" என்று சொல்லிவிட்டால் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க முடியாது. சீனி வருத்தக்காரருக்கு (நீரிழிவு) இரத்தத்தில் சீனி இறங்கினாலும் வியர்த்து, நாக்குக் குழறி, வெறி போலவே இருக்கும். குடித்தது கொஞ்சம், ஆள் மோசம் என்றால் சீனி வருத்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். விழுங்கக் கூடிய நிலையில் இருந்தால் சீனித் தண்ணீர் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பாருங்கள்.

நிறுத்துவது

மேசையில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டாம். சிநேகிதர் முன்னால் மானம் போனவர் சண்டைக்குத்தான் வருவார். பில்லைக் கொண்டு போகிற சாட்டில் பக்கத்தில் குனிந்து சொல்லுங்கள்: "அண்ணை, இண்டைக்கு இதோட காணும். சோறு போடச் சொல்லுறன், இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ." "நீங்கள் வெறியில நிக்கிறியள்" என்று சொன்னால் அவர் இல்லை என்று நிரூபிக்கத் தொடங்குவார், அந்த வாதம் முடியாது. அவரைப் பற்றிப் பேசாமல் உங்கள் வேலையைப் பற்றிப் பேசுங்கள்: "இனி என்னாலை தரேலாது அண்ணை."

முதலாளி பெட்டியைப் பூட்டச் சொல்லிவிட்டார், சரக்கு முடிந்தது என்று பொய் சொல்ல வேண்டாம். அடுத்த மேசைக்குப் போத்தல் போவதை அவர் பார்ப்பார். குழுவில் நிதானமாக இருக்கிற ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணை, உங்கட ஆளுக்கு இனிக் குடுக்கேலாது, நீங்கள் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ" என்பது பெரும்பாலும் வேலை செய்யும். நிறுத்தியதும் மற்ற வேலையாட்களுக்கு உடனே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் இன்னொருவரிடம் வாங்கிவிடுவார்.

வருகிறவர் மாமாவாக இருப்பார், படிப்பித்த வாத்தியாராக இருப்பார். உறவுக்காரரை நிறுத்துவதை நீங்கள் செய்யாமல் மற்ற வேலையாளிடம் கொடுங்கள், அவருடைய உறவு வரும்போது நீங்கள் செய்யுங்கள். கை ஓங்குகிற நிலை வந்தால் பின்வாங்கி, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு 119க்கு எடுங்கள். கையைப் பிடிப்பதோ இழுத்துத் தள்ளுவதோ வேண்டாம்.

சில வேளை ஒரு மனைவியோ தாயோ வாசலில் வந்து, "அவருக்குக் குடுக்காதேங்கோ தம்பி" என்று கேட்பார். நின்று கேளுங்கள். முகாமையாளரிடம் சொல்லி அன்றைக்குக் கொடுக்காமல் விடலாம், விற்பது கட்டாயமில்லை. யார் சொன்னது என்று அந்த ஆளுக்குச் சொல்லவே கூடாது, அடி விழுவது அவளுக்கு.

"இண்டைக்கோட எல்லாம் முடியுது" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் அதை வெறிப் பேச்சு என்று விடாதீர்கள். பூச்சிமருந்து ஒவ்வொரு தோட்டக் கொட்டிலிலும் இருக்கிற இடம் இது. அவரைத் தனியே அனுப்பாமல் வீட்டாரைக் கூப்பிடுங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

வீட்டுக்குப் போகிற வழி

இரவில் விளக்கில்லாத குளக்கட்டு வீதிகள், காட்டோரத்தில் குறுக்கே வருகிற யானை, படுத்திருக்கிற மாடுகள், பின்விளக்கில்லாத லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். நிதானமாக ஓடுகிறவருக்கே இது கஷ்டமான வழி. ஆள் உட்காரும்போதே எதில் வந்தார், எங்கே போக வேண்டும் என்று கதையோடு கதையாகக் கேட்டுவிடுங்கள். நம்பக்கூடிய மூன்று ஓட்டோக்காரரின் இலக்கம் சுவரில் இருக்கட்டும், எத்தனை மணி வரை வருவார்கள் என்றும் எழுதுங்கள். மோட்டார் சைக்கிளை இரவு வளவுக்குள் காசில்லாமல் விடலாம் என்று அறிவியுங்கள். பலர் குடித்துவிட்டு ஓடுவது வாகனத்தை விட்டுப் போகப் பயத்தில்தான். திறப்பைக் கேட்டு வாங்குங்கள், பறிக்க வேண்டாம். தராமல் ஓடப் பார்த்தால் வண்டி இலக்கத்தையும் போகிற திசையையும் 119க்குச் சொல்லுங்கள். "இரண்டு ஷொட்தானே, ஓடலாமா" என்று உங்களிடம் கேட்டால் ஓடலாம் என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது.

மயங்கிக் கிடந்தால்

தட்டி எழுப்பியும் எழும்பாதவர், மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்குக் குறைந்தவர், உடம்பு குளிர்ந்து உதடு நீலமானவர், வலிப்பு வந்தவர்: உடனே 1990. அந்த அம்புலன்ஸ் இலவசம், வடக்கிலும் ஓடுகிறது. வரும்வரை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், மேல் காலை மடித்து முன்னால் வையுங்கள், வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். மல்லாக்கக் கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய் ஆள் இறந்துவிடுவார். மோர், புளித்தண்ணி, தேசிக்காய் எதுவும் வாயில் ஊற்றக் கூடாது, விரல் விட்டு வாந்தி எடுக்கவும் வைக்கக் கூடாது. "படுத்து எழும்பினால் சரியாயிடும்" என்று பின்னறையில் தனியே விடுவதுதான் ஆபத்து: குடித்து முடித்த பிறகும் இரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டிருக்கும். விழுந்து தலை அடிபட்டவரின் நித்திரையை வெறி என்று நினைக்க வேண்டாம். எங்கேயாவது கசிப்புக் குடித்த ஒருவர் மறுநாள் கண் மங்குகிறது, பனிமூட்டம் மூடினது போல இருக்கிறது என்று சொன்னால் அது மெதனோல் நஞ்சாக இருக்கலாம், ஒரு மணித்தியாலமும் பிந்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கொப்பி

மறுத்தது, நிறுத்தியது, விழுந்தது, சண்டை எல்லாவற்றையும் அன்றிரவே எழுதுங்கள். நாளைக்கு எழுதினால் நேரம் பிழைக்கும். நீளமாக வேண்டாம், இப்படி இருந்தால் போதும்: "வெள்ளி, இரவு 8.40. மேசை 3, சுவரோரக் கதிரை. 7.10 தொடக்கம் கால் போத்தல் 1, ஸ்ட்ரோங் கான் 1. குரல் உயர்ந்தது, கிளாஸ் தட்டி விழுந்தது. 8.45க்கு நிறுத்தினேன். சோறு சாப்பிட்டார். மோட்டார் சைக்கிள் வளவுக்குள், திறப்பு பெட்டியில். 9.20 ஓட்டோ, தம்பியார் கூடப் போனார்." கீழே உங்கள் கையொப்பம்.

காலையில் திறப்பு வாங்க வருகிறவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, எத்தனை மணிக்குக் கடைசியாகக் குடித்தார் என்று கொப்பியைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். 8 அலகு 9 மணிக்கு முடித்தவருக்கு ஐந்து மணி விடியலில் இன்னும் மிச்சம் இருக்கலாம். அப்படியானால் ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள். கொடுக்கும்போது அந்தப் பதிவின் கீழே அவரிடமும் ஒரு கையொப்பம் வாங்குங்கள்.